பொரி போட ஒரு குளம், தூண்டில் போட ஒரு கண்மாய்!

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் பால்கோவாவும் 192 அடி உயரக் கோபுரமும் ஞாபகத்துக்கு வரும். ராஜபாளையம் என்றால் வெள்ளை நாயும் நூல் மில்லும். இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் 12 கிலோமீட்டர்தான். மேற்கே தொடர்ச்சி மலை, அதன் அடிவாரத்தில் அடுத்தடுத்துக் கண்மாய்கள். கோயிலைப் பார்த்துவிட்டு அப்படியே பஸ் ஏறிவிடுபவர்கள் இந்தத் தண்ணீர்க் கரைகளைத் தவறவிடுகிறார்கள். காலையில் ஒரு நடை, சாயங்காலம் கரையில் கொஞ்ச நேரம் உட்காருவது என்று ஒரு நாளை இங்கே நிம்மதியாகக் கழிக்கலாம்.

அண்ணன், தம்பி கதை

இந்த ஊரே ஒருவகையில் நினைவிடம்தான். மல்லி என்ற ராணிக்கு வில்லி, கண்டன் என்று இரண்டு மகன்கள். வேட்டைக்குப் போன இடத்தில் கண்டனைப் புலி அடித்துவிட்டது. சகோதரனைத் தேடி அலைந்த வில்லி, களைத்துக் காட்டிலேயே தூங்கிப்போனான். நடந்ததைக் கனவில் பெருமாள் சொன்னார். அதன்பின் வில்லி காடு திருத்திக் கோயில் கட்டி உண்டாக்கிய ஊர்தான் வில்லிபுத்தூர் என்கிறது தலபுராணம். கதையில் வரும் புலி இன்றும் பக்கத்து மலையில் இருக்கிறது. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது.

திருமுக்குளக் கரையில்

பெரியாழ்வார் துளசிச் செடியடியில் ஆண்டாளைக் கண்டெடுத்த இடம் கோயிலை ஒட்டிய நந்தவனம். இன்றும் அது பூஞ்செடிகளோடு பராமரிக்கப்படுகிறது. அங்கிருந்து கிளம்பித் திருமுக்குளத்துக்கு வரலாம். கங்கை, யமுனை, சரஸ்வதி மூன்றும் ஆண்டாள் நீராட இங்கே வந்து சேர்ந்ததாக ஐதிகம். அதனால்தான் 'முக்குளம்'.

மார்கழியில் நீராட்ட உற்சவம் நடக்கும்போது ஆண்டாள் இந்தக் கரையிலுள்ள மண்டபத்துக்கு எழுந்தருளுவாள். மூலிகைத் தைலத்தில் எண்ணெய்க்காப்பு நடக்கும். அந்த நாட்களில் கூட்டம் நெரியும். மற்ற நாட்களில் காலை ஆறு, ஆறரை மணிக்கு வந்தால் கரை அமைதியாக இருக்கும். மழை நன்றாகப் பெய்த வருடம் என்றால் தண்ணீரையும் பார்க்கலாம்.

கோயில் குளத்தில் மீன் பிடிப்பது நம் ஊர் வழக்கமில்லை. பொரி போடுவதுதான் வழக்கம். ஆனால் மூட்டை மூட்டையாகக் கொட்டக் கூடாது. மீன் தின்றது போக மிச்சம் தண்ணீரில் அழுகும், பிராணவாயு குறையும், கடைசியில் மீன்தான் செத்து மிதக்கும். குழந்தைகள் கையில் ஒரு பிடி பொரி போதும். பொரி வாங்கிய பிளாஸ்டிக் பையைத் திரும்பக் கொண்டுவருவது இன்னும் நல்லது.

கண்மாய்க்குக் கணக்கு வேறு

மீன் பிடிக்க ஆசைப்படுகிறவர்கள் கண்மாய்ப் பக்கம் போக வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியகுளம், ராஜபாளையத்தில் கொண்டநேரி என்று இரண்டு ஊரிலும் பெரிய நீர்நிலைகள் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் மலையிலிருந்து ஓடைகள் இறங்கிக் கண்மாய்களை நிரப்பும். ஒன்று நிரம்பினால் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர் போகும். மடை வழியாக வயலுக்குப் பாயும். மேலே ஒரு கண்மாய் தூர்ந்தாலோ, வரத்துக்கால் அடைபட்டாலோ கீழே இருக்கிற கண்மாய் காய்ந்துவிடும்.

மீனுக்கும் ஒரு முறை இருக்கிறது. பல கண்மாய்களில் மீன்பாசி உரிமை ஏலத்துக்கு விடப்படும். ஏலம் எடுத்தவர் குஞ்சு விட்டு வளர்ப்பார். அதனால் தூண்டிலைப் போடும் முன்பு கரையில் இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. கெண்டை, கெளுத்தி, விரால், ஜிலேபி எல்லாம் நம் கண்மாய் மீன்கள்தான். ஜிலேபி மட்டும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்து இங்கேயே ஊன்றிவிட்டது.

மதுரை, சிவகங்கைப் பக்கக் கிராமங்களில் இன்னொரு பழக்கம் உண்டு. வெயில் காலத்தில் தண்ணீர் வற்றியதும் மீன்பிடித் திருவிழா நடத்துவார்கள். ஊர்ப் பெரியவர் துண்டை வீசியதும் ஊத்தா, கச்சா, வலையோடு எல்லோரும் ஒன்றாக இறங்குவார்கள். அன்றைக்கு எந்த வீட்டிலும் மீன் குழம்பு மணக்கும். விவசாயத்துக்குத் தண்ணீர் கொடுத்து முடிந்த பிறகுதான் மீன் என்ற வரிசை அதில் இருக்கிறது. கண்மாயில் சாக்கடை கலந்தால், ஆகாயத்தாமரை மூடினால், முதலில் போவது இந்த வரிசைதான். நெல்லும் இல்லை, மீனும் இல்லை என்று ஆகிவிடும்.

மலை ஓடையில் பார்வை மட்டும்

செண்பகத்தோப்புப் பக்கம் மலையேறினால் காட்டழகர் கோயில், மீன்வெட்டிப் பாறை அருவி எல்லாம் வரும். பெயரில் மீன் இருக்கிறதே என்று தூண்டிலோடு போய்விடக் கூடாது. அது காப்பகக் காடு. மீனாக இருந்தாலும் பிடிக்க அனுமதி கிடையாது. நரை அணில் எனப்படும் சாம்பல் நிற அணில், யானை, புலி எல்லாவற்றுக்கும் அந்த ஓடைத் தண்ணீர்தான். வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு, அனுமதிக்கிற இடம் வரை, வெளிச்சம் இருக்கும்போதே போய்த் திரும்ப வேண்டும்.

ராஜபாளையத்தில் அய்யனார் கோயில் ஆற்றுப் பக்கமும் இதே கவனம் தேவை. மலையில் மழை பெய்தால் அடிவாரத்தில் வெயில் அடிக்கும்போதே காட்டாறு திடீரென வரும். அந்தப் பக்கம் உள்ள ஆறாவது மைல் நீர்த்தேக்கம் ஊருக்கே குடிநீர் தருவது. அங்கே காலை நனைப்பது, பாத்திரம் கழுவுவது எல்லாம் வேண்டாம்.

திரும்பும் வழியில் ராஜபாளையம் காந்தி கலை மன்றத்தையும் பார்க்கலாம். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதல்வராக இருந்த பி.எஸ்.குமாரசாமி ராஜா, தன் வீட்டையே பொதுவுக்குக் கொடுத்ததால் உருவான மன்றம் அது.

எப்போது, எப்படிப் போகலாம்?

கார்த்திகை முதல் தை வரை வந்தால் நீர்நிலைகளில் தண்ணீர் இருக்கும், வெயிலும் கொல்லாது. மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் சுமார் 75 கிலோமீட்டர். விருதுநகர் - தென்காசி ரயில் பாதையில் இரண்டு ஊருக்கும் ஸ்டேஷன் உண்டு. மழைக்காலத்தில் கண்மாய்க் கரை வழுக்கும். படித்துறைப் பாசியும் அப்படித்தான். குழந்தைகளின் கையை விடாமல் நடக்க வேண்டும். ஊருக்குக் கிளம்பும்போது, 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவாவில் அரைக் கிலோ வாங்க மறக்க வேண்டாம்!