கொழும்பில் இரண்டு நாள்

 

பயணம் என்றால் ஊர் பார்ப்பதும் உண்டு, பாடம் படிப்பதும் உண்டு. பாடம் சொல்லிக் கொடுப்பதே தொழிலாக உள்ள எனக்கு, எழுபத்து நாலு வயதான என் வாப்பா இரண்டு நாட்களில் படிப்பித்த ஒரு பாடத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2024 ஆகஸ்ட் விடுமுறை. என்னோடு ஓதிய தோழர் ஒருவரின் மகளுக்குப் பேருவளையில் ஞாயிற்றுக்கிழமை வலீமா. நெடுங்கேணியிலிருந்து அவ்வளவு தூரத்தை ஒரே மூச்சில் போக வாப்பாவின் முழங்கால் இடம் தராது. ஆகவே வியாழன் மாலை புறப்பட்டு, புளியங்குளம் சந்தி வழியே வவுனியா போய், இரவு பஸ்ஸில் கொழும்பு சேர்ந்து, வெள்ளியும் சனியும் தெமட்டகொடையில் மச்சான் வீட்டில் தங்குவது என்று முடிவாயிற்று.

என் கைப்பையில் உடுப்போடு ஒரு கோவையும் இருந்தது. அதில் ஒரு பள்ளிவாசலின் வரைபடம். நெடுங்கேணியிலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுப் பக்கம் போனால் வாப்பாவின் ஊர் வரும். 1990 அக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது எங்கள் ஊரும் வெறுமையாயிற்று. எனக்கு அப்போது பத்து வயது. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் வளர்ந்தேன். யுத்தம் முடிந்து 2010இல் திரும்பிப் போய்ப் பார்த்தபோது பள்ளிக்குக் கூரை இல்லை. உள்ளே மரம் முளைத்திருந்தது. மிஹ்ராபுச் சுவர் மட்டும் நின்றது. அந்தச் சுவரின் செங்கல்லைச் சூளையிலிருந்து மாட்டு வண்டியில் ஏற்றி வந்த இளைஞர்களில் என் வாப்பாவும் ஒருவர்.

அதன் பின்னர் தகரக் கொட்டகை போட்டுத்தான் தொழுது வருகிறோம். இப்போது அல்லாஹ்வின் கிருபையால் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. வரைபடம் தயாரிக்கும் பொறுப்பை நிருவாக சபை என்னிடம் தந்தது. வளைகுடா நாட்டுப் பள்ளிகளின் படங்களைச் சேர்த்து, உயர்ந்த மினாராவும் பெரிய குப்பாவும் வைத்து ஒரு படம் வரைவித்தேன். மதிப்பீட்டில் சரிபாதி அந்த இரண்டுக்குமே போயிற்று. ஜமாஅத்தார் பார்த்து மகிழ்ந்தார்கள். வாப்பா மட்டும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார். அந்த "தான்" எனக்குப் பிடிக்கவில்லை. கொழும்புப் பள்ளிகளைக் காட்டினால் அவர் மனம் மாறும் என்று எண்ணிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் புறக்கோட்டை ஜாமிஉல் அல்ஃபார் பள்ளிவாசலுக்குப் போனோம். சிவப்புப் பள்ளி என்று உலகம் சொல்கிறது. நம் மக்கள் சம்மாங்கோட்டார் பள்ளி என்பார்கள். இரண்டாம் குறுக்குத் தெருவில், துணிக் கடைகளுக்கும் நாட்டாமைமாரின் தள்ளு வண்டிகளுக்கும் நடுவே அது எழுந்து நிற்பதை முதன்முறை காண்பவர் கால் தானாக நின்றுவிடும். சிவப்பும் வெள்ளையுமாக மாறி மாறி வரிகள். மாதுளம்பழம் போன்ற குப்பாக்கள். முறுக்கிய தூண்கள், வளைவுகள், மணிக்கூடு. 1908இல் தொடங்கி 1909இல் முடித்தார்கள். துறைமுகத்தை நெருங்கிய கப்பல்காரருக்கு அந்தக் காலத்தில் இதுவே அடையாளமாக இருந்தது என்பார்கள்.

இதற்குப் படம் வரைந்தவர் சீமையில் படித்த பொறியியலாளர் அல்லர். ஹபீபு லெப்பை சாயிபு லெப்பை என்பவர். முறையாகக் கட்டடக் கலை படிக்காதவர். இந்தியாவிலிருந்து வந்து இங்கே வணிகம் செய்த முஸ்லிம்கள், தங்கள் ஐவேளைத் தொழுகைக்கும் ஜும்ஆவுக்கும் இடம் வேண்டுமென்று அவரிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். இந்திய நாட்டுக் கட்டடங்களின் படங்களைப் பார்த்து, அந்தச் சாயலை இங்குள்ள செங்கல்லில் இறக்கிவிட்டார் மனிதர். பின்னாளில் பக்கத்தில் பல மாடிகள் எழுப்பிப் பள்ளியைப் பெருப்பித்தபோதும் பழைய பகுதியை அப்படியே காத்திருக்கிறார்கள்.

தொழுகை முடிந்ததும் வாப்பா ஒரு தூணைத் தடவிப் பார்த்தார். சாந்து பூசிய விதத்தை விரலால் அளந்தார். "இதக் கட்டினவன் கைகாரன் மகன்" என்றார். சந்தர்ப்பம் வந்துவிட்டது என்று நான், "பார்த்தீங்களா வாப்பா, பள்ளி என்றால் இப்படித் தூரத்தில் தெரிய வேண்டாமா?" என்றேன்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாடிப்படிகளிலிருந்து ஆட்கள் இறங்கி இறங்கி முடியவில்லை. கடைக்காரர், நாட்டாமைமார், ஓட்டோ சாரதிகள், பிரயாணிகள். தெருவிலும் பாய் விரித்துத் தொழுதிருந்தார்கள். கால்மணி நேரம் அப்படியே நின்றுவிட்டு, "பசிக்குது" என்றார்.

பகல் சாப்பாடு அருகே ஒரு கடையில். நான் இருவருக்கும் தனித்தனிப் புரியாணி சொல்லப் போனேன். வாப்பா சஹனில் வேண்டும் என்றார். ஒரு சஹன் என்றால் ஆறு பேருக்கானது. இரண்டு பேர் என்ன செய்வது? வாப்பாவுக்கு அது ஒரு கவலையே இல்லை. பக்கத்து மேசையில் இருந்த பொலநறுவைக்காரர் மூவரையும், தனியே உட்கார்ந்திருந்த ஒரு மாணவனையும் கூப்பிட்டுவிட்டார். ஆறு பேரும் ஒரே தட்டைச் சுற்றி அமர்ந்து பிஸ்மி சொன்னோம். சோற்றுக்கு நடுவே இறைச்சி, பொரித்த கோழி, ஓரத்தில் கத்தரிக்காய்ப் பஜ்ஜி, அன்னாசி போட்ட அச்சாறு. அவரவர் பக்கத்தில் அவரவர் சாப்பிட, நல்ல துண்டு எல்லாம் எப்படியோ அந்த மாணவன் பக்கமே நகர்ந்தது. முடிவில் ஒரு துண்டு வட்டிலப்பம். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் முட்டையும் ஏலமும் சேர்ந்த இந்தப் பண்டத்தை நமக்குத் தந்தவர்கள் மலாய் மக்கள். இன்று அது இல்லாமல் நமக்குப் பெருநாள் இல்லை.

சனிக்கிழமை காலை அந்த மலாய் மக்களின் கொம்பனித் தெருவுக்கே போனோம். அங்குள்ள வேகந்தைப் பள்ளிவாசலின் வரலாறு 1786இல் தொடங்குகிறது. யாவாவிலிருந்து வந்த பந்தன் பாலி என்பவர் தாம் வாங்கிய நிலத்தைத் தொழுகைக்காகக் கொடுத்தார். ஒல்லாந்தர் ஆண்ட காலம். பிறந்த மண்ணை விட்டு வந்த ஒரு மனிதர், வந்த இடத்தில் தமக்கென்று சேர்த்ததை அல்லாஹ்வுக்காக வக்பு செய்திருக்கிறார். ஊர் இழந்து புத்தளத்தில் கிடந்த எங்களுக்கு அதன் பெறுமதி விளங்கும். வாப்பா அந்தப் பள்ளியில் இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு நீண்ட நேரம் துஆக் கேட்டார். பக்கத்துக் கடையில் பிட்டும் பாபத்துக் கறியும் சாப்பிட்டோம். மாட்டுக் குடலைச் சுத்தம் செய்து அவ்வளவு பக்குவமாகச் சமைப்பது எளிதல்ல; வீட்டுப் பெண்களுக்கு அது தெரியும்.

அங்கிருந்து கறுவாத் தோட்டத்துத் தேசிய நூதனசாலை. வெள்ளை வெளேரென்று, ஆலமரங்களுக்குப் பின்னால் அரண்மனைபோல நிற்கும் கட்டடம். தேசாதிபதி வில்லியம் கிரகரி காலத்தில், 1877 ஜனவரி முதலாந் திகதி திறக்கப்பட்டது. படம் வரைந்தவர் ஜேம்ஸ் ஸ்மிதர் என்ற ஆங்கிலேயர். கட்டி முடித்தவர் நம்மவர்: அரசி மரிக்கார் வாப்பிச்சி மரிக்கார். திறப்பு விழாவில் தேசாதிபதி அவரிடம், என்ன வெகுமதி வேண்டும் என்று கேட்டாராம். பட்டமோ நிலமோ கேட்காமல், வெள்ளிக்கிழமைகளில் இந்த இடம் மூடியிருக்க வேண்டும் என்று கேட்டாராம் வாப்பிச்சி மரிக்கார். அதன்படியே பல்லாண்டு காலம் அது வெள்ளிக்கிழமைகளில் மூடியிருந்தது என்பது நம் பெரியோர் சொல்லும் செய்தி. 1892இல் மருதானையில் ஸாஹிராக் கல்லூரி உருவானபோது, அறிஞர் சித்தி லெப்பையோடும் எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு இங்கிருந்த ஒறாபி பாஷாவோடும் தோளோடு தோள் நின்றவரும் இவரே.

இதை நான் வாப்பாவுக்குச் சொன்னேன். சொல்லும்போதே என் நெஞ்சில் எதுவோ தைத்தது. அரண்மனை கட்டத் தெரிந்த மனிதர், தம் சமுதாயம் பின்தங்கிக் கிடந்த வேளையில் பிள்ளைகள் படிக்கும் இடத்துக்காக உழைத்திருக்கிறார். என் கோவையில் இருந்த படத்தில் பிள்ளைகள் ஓதுவதற்கு ஓர் அறைகூட இல்லை.

அஸருக்குப் பின் காலிமுகத்திடலுக்குப் போனோம். 1859இல் மக்கள் உலாவுவதற்கென்று திறந்துவிட்ட வெளி. பட்டம் விடும் பிள்ளைகள், கரையில் வந்து மோதும் அலை, வண்டிக் கடைகளில் இறால் வடை. முழு இறாலை மேலே பதித்துப் பொரித்து, வெங்காயமும் காரச் சம்பலும் தூவித் தருகிறார்கள். ஷாபிஈ மத்ஹபினருக்கு இறாலில் தடையில்லை. வாப்பா மூன்று சாப்பிட்டார். பிறகு கடலைப் பார்த்துக்கொண்டு, நேற்றுக் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார்.

"அந்தப் பள்ளி வடிவுதான் மகன். ஆனா அங்க ஆக்கள் முதல்ல இருந்தாங்க, இடம் போதாம பள்ளி கட்டினாங்க. எங்கட ஊருல எத்தின குடும்பம் வந்திருக்கு, சொல்லு பாப்பம்?"

நான் எண்ணிச் சொன்னேன். முப்பத்தொன்று.

"மத்தவங்க ஏன் வரேல்ல? புள்ளைகளுக்கு ஓத இடமில்ல. பொம்பிளையள் தொழ இடமில்ல. புத்தளத்துல இருந்து காணி பாக்க வாறவன் ராத் தங்க ஒரு அறையில்ல. அண்டைக்கே திரும்பிப் போறான். எங்கட பழைய பள்ளிக்கு மினாரா இருந்ததா? வாயால பாங்கு சொன்னம், ஊரே வந்திச்சு. இப்ப மினாராவக் கட்டினா ஆருக்குத் தெரியப் போகுது? காட்டுக்குத்தான்."

சகோதரர்களே, நான் ஏழு வருடம் அரபுக் கல்லூரியில் ஓதியவன். நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் எழுப்பிய பள்ளிக்குப் பேரீச்ச மரமே தூண், பேரீச்ச ஓலையே கூரை என்று ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். அந்தப் பள்ளியோடு ஒட்டியே, வீடில்லாத திண்ணைத் தோழர்களுக்குத் தங்க இடம் இருந்தது என்றும் படிப்பிக்கிறேன். அதை என் ஊர்ப் பள்ளியின் படத்தோடு சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. மினாரா மார்க்கத்துக்காகவா, படம் வரைவித்த மௌலவியின் பெயருக்காகவா என்று அன்றிரவு படுக்கையில் என்னையே கேட்டேன். பதில் எனக்குத் தெரிந்திருந்தது.

அழகான பள்ளி கட்டக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. சிவப்புப் பள்ளியைப் பார்த்து அல்லாஹ்வைப் புகழாத வாய் உண்டா? ஆனால் அது அந்த மக்களின் தேவையிலிருந்து, அவர்கள் கைக்குக் கிடைத்த செங்கல்லில், அவர்களுக்குள்ளேயே இருந்த ஒருவர் எண்ணத்தில் முளைத்தது. நானோ வேறொரு நாட்டுப் படத்தை வெட்டி வன்னிக் காட்டில் ஒட்டப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பேருவளையில் வலீமாவை முடித்துக்கொண்டு ஊர் திரும்பினோம். அடுத்து வந்த கூட்டத்தில், என் படத்தை நானே திருப்பி எடுக்கிறேன் என்று சொன்னேன். எல்லோருக்கும் அது பிடிக்கவில்லை. மினாராவுக்கென்றே பணம் தந்த பெரியவர் ஒருவர் எழுந்து போய்விட்டார். இரண்டு முறை அவர் வீட்டுக்குப் போய்ப் பேசினேன். சலாத்துக்குப் பதில் சொல்கிறார். மனம் இன்னும் முழுதாக இளகவில்லை. குற்றம் என்னுடையது, ஆசையை மூட்டியவன் நான்தானே.

புதிய படத்தை ஊர் மேசன் ஒருவரே போட்டார். பழைய மிஹ்ராபுச் சுவர் அப்படியே நிற்கும். அதைச் சேர்த்து நடுத்தரமான தொழுகை மண்டபம், பெண்களுக்குத் தனி இடம், ஓதுவதற்கு ஓர் அறை, வழிப்போக்கர் தங்க ஓர் அறை, கிணறு. மினாராவுக்கு அத்திவாரம் மட்டும் இட்டு வைப்பது. ஊர் நிறைந்த பின் வருகிறவர்கள் எழுப்பட்டும்.

வழிப்போக்கர் அறைக்குத்தான் முதலில் கூரை போட்டோம். முதலிரவு அங்கே தங்கியவர் புத்தளத்திலிருந்து தம் காணியைத் துப்புரவாக்க வந்த ஒரு குடும்பஸ்தர். அன்று வாப்பா எங்கள் வீட்டிலிருந்து சோற்றை ஒரு பெரிய தட்டில் எடுப்பித்துக்கொண்டு போய், அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டார்.

உங்கள் ஊரிலும் பள்ளி கட்டுவதாக இருந்தால், படத்தை விரிக்கும் முன் ஊரிலுள்ள வயோதிபர் ஒருவரைப் பக்கத்தில் இருத்திக் கேளுங்கள். நம் பள்ளிகளை மனிதர்களால் நிரப்பி வைக்க வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக. ஆமீன்.