சமத்துவமும் ஒரே அளவுகோலும்

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. அன்றுமுதல் ஊரின் உழைப்பு, மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூர் செல்லும் அதிகாலை இரயிலில் ஏறிக்கொண்டது. பெற்றோர் இரவில்தான் திரும்புகின்றனர். அவர்தம் பிள்ளைகளுக்காகப் பழைய தொழிலாளர் லைன் ஒன்றில் மாலை வகுப்பு நடைபெறுகிறது.

அதை நடத்தும் இளம்பெண், வெள்ளை அதிகாரிகளின் பங்களாக்களையும் தொழிலாளரின் மூங்கில் தட்டிக் குடிசைகளையும் பற்றிப் பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தவர். தம் வகுப்பிலேனும் ஏற்றத்தாழ்வு கூடாது என்று உறுதிகொண்டார். ஆகவே தன்னார்வலர் அனைவருக்கும் ஒரே குறிப்புத்தாள், ஒரே அளவு சுதந்திரம்.

இரண்டு மாதங்களில் இருவர் விலகினர். முப்பது ஆண்டுகள் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். கரும்பலகையில் எழுதும் முறையை விளக்கிய தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து சென்றார். மற்றவர் கல்லூரி மாணவி. முதல் நாளே நாற்பது பிள்ளைகளிடம் தனியே விடப்பட்டு, அழுதபடி வீடு திரும்பினார்.

வகுப்புக்கு உதவிவந்த முதிய சுரங்க மேஸ்திரிதான் காரணத்தை எடுத்துரைத்தார்: "புதியவனைப் பழையவனோடுதான் உள்ளே அனுப்புவோம், அம்மா. மேற்பாறையைக் கம்பியால் தட்டி, ஓசையிலேயே அதன் உறுதியை அறியும்வரை தனியே விடமாட்டோம். அறிந்தபின்பும் பக்கத்திலேயே நின்றால் அது அவனுக்கு அவமானம்."

மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், அழுத்தம் தாங்காது பாறை வெடிக்கும் சாம்பியன் ரீஃபில் அது உயிர்காக்கும் நெறி. பால் ஹெர்சியும் கென்னத் பிளான்சார்டும் 1969இல் நூலாக்கிய தலைமைக் கோட்பாடும் இதனை ஒத்ததே: புதியவருக்குத் தெளிவான கட்டளை, ஓரளவு கற்றவருக்கு விளக்கமும் ஊக்கமும், திறனிருந்தும் தயங்குபவருடன் கலந்தாலோசனை, தேர்ந்தவரிடம் முழுப் பொறுப்பு. அத்தேர்ச்சி ஆளைப் பொறுத்ததன்று, பணியைப் பொறுத்தது என்பதே இதில் எளிதில் மறக்கப்படுவது. படிப்பை நிறுத்திய சிறுவனை வீடுதேடிச் சென்று அழைத்துவர மேஸ்திரிக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. கைப்பேசியில் வருகைப்பதிவு செய்வதற்கோ அவரும் புதியவரே.

இப்போது அந்தப் பெண் வருகைப்பதிவின்போது மேஸ்திரியின் அருகில் அமர்கிறார். வீடுதேடும் பணியில் தலையிடுவதில்லை. ஆசிரியரின் இல்லம் சென்று, கணிதப் பாடத்திட்டத்தை வகுத்துத் தருமாறு வேண்டினார். அவர் மீண்டும் வருகிறார். மாணவி இன்னும் வரவில்லை. இனி வரும் புதியவர் எவரும் முதல் மாதம் முழுவதும் ஆசிரியருடன் இணைந்தே கற்பிக்க வேண்டும் என்பது வகுப்பின் விதியாகியுள்ளது.