வான் போகாத தீவு

பாலைவனக் கரையோரமாகக் குடும்பத்தோடு காரவனில் போவது யூடியூப்பில் ஒரு தனி உலகம். நமீபியா, மேற்கு அவுஸ்திரேலியா எண்டு ஒரு பக்கம் மணல், மறுபக்கம் கடல், நடுவில ஒரு வண்டி. கனடாவில இருந்து வந்திருந்த பெரியப்பாவின் மகளுக்கு அதில பெரிய விருப்பம். "எங்கட தீவுப் பக்கமும் இப்பிடித்தானே, ரெண்டு நாள் சுத்துவம் வாங்கோ" எண்டு எங்கள் எல்லாரையும் கிளப்பினது அக்காதான்.

காரவனுக்கு நாங்கள் எங்க போறது? ஒரு ஹயஸ் வான் பிடிச்சம். பின்னுக்குக் காஸ் அடுப்பு, பானை, பாய், தண்ணிக் கான். ஏழு பேர். முன் சீற்றில அப்பாச்சி. அவ பிறந்தது அனலைதீவில். யுத்தத்தில் இடம்பெயர்ந்தவ, பிறகு யாழ்ப்பாணத்திலேயே தங்கிவிட்டா. அங்க அவவின் சீதனக் காணி இருக்கு. அதை விற்பதா இல்லையா எண்ட கதையும் பானை சட்டியோட வானில ஏறியிருந்தது.

பண்ணைப் பாலத்தில் ஏறியவுடன் இரண்டு பக்கமும் ஆழமில்லாத கடல், களங்கண்டித் தடிகள், அதில வரிசையாகக் குந்தியிருக்கும் நீர்க்காகங்கள். மண்டைதீவுச் சந்தி தாண்டி அல்லைப்பிட்டி, மண்கும்பான், சாட்டி. ஆவணி மாதம் எண்டபடியால் புல் எல்லாம் காய்ந்து கிடந்தது. வெள்ளை மணல், பனை, உப்புப் பூத்த தரவை. சோளகம் மணலை அள்ளிக் கண்ணாடியில் அடித்தது. அக்கா சொன்னது பொய்யில்லை. படத்தில் பார்த்தால் பாலைவனம்தான்.

ஆனால் அந்த அழகுக்குள்ள கூரை இல்லாத வீடுகளும் இருக்கு. வேலணையிலும் புங்குடுதீவிலும் கதவு நிலை மட்டும் மிஞ்சிய பெரிய கல்வீடுகளுக்குள்ளால வேம்பு வளர்ந்து நிக்குது. அக்கா ஒவ்வொன்றாகப் படம் எடுத்தா. அப்பாச்சி ஒவ்வொன்றையும் யாருடைய வீடு எண்டு சொல்லிக்கொண்டு வந்தா. ஒரே சுவர், ஒராளுக்குக் காட்சி, மற்றவவுக்கு முகவரி.

குறிகட்டுவானில் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகு ஏறும் சனக்கூட்டம். அப்பா அங்கே குமுதினியைப் பற்றிச் சொன்னார். 1985 மே 15, நெடுந்தீவில் இருந்து இந்தத் துறைக்கு வந்துகொண்டிருந்த படகை நடுக்கடலில் மறித்து, குழந்தைகள் உட்பட இருபதுக்கு மேற்பட்டவர்களை வெட்டிக் கொன்றார்கள். அதே படகு பிறகும் பல வருடம் இதே கடலில் ஓடினது. வேறு படகு இல்லாத சனம் என்ன செய்யும்?

இரவு வானிலும் பாயிலுமாகப் படுத்து, விடிய ஊர்காவற்றுறைக்குப் போனம். வானின் பயணம் அங்கே முடியுது. அனலைதீவுக்குப் பாலம் இல்லை. துறையில் எங்கட பைகளுக்குப் பக்கத்தில் அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், சீமெந்து, ஒரு கட்டில். தீவில் இருக்கும் ஒவ்வொரு கல்லும் ஆணியும் இப்படித்தான் போயிருக்கும். ஒல்லாந்தர் இந்தத் தீவுகளுக்குத் தங்கட ஊர்ப் பெயர்களை வைத்தபோது அனலைதீவு 'ரொட்டர்டாம்' ஆனது. அந்த ரொட்டர்டாம் ஐரோப்பாவின் மிகப் பெரிய துறைமுகம். இந்த ரொட்டர்டாமில் சோளகம் கொஞ்சம் கூடினால் படகு போகுமோ எண்டு துறையில் நிண்டு வானம் பார்க்க வேணும்.

என்னோட கலைப்பீடத்தில் படிக்கிற ஒரு பிள்ளை அனலைதீவு. யாழ்ப்பாணம் கூப்பிடு தூரம் எண்டுதான் எல்லாரும் நினைப்பினம், அவள் விடுதியில்தான் இருக்கிறாள். பின்னேர விரிவுரை முடிய வீட்டுக்குப் போகப் படகு இராது. "எங்களுக்குத் தூரம் கிலோமீற்றரில இல்ல, கடைசிப் படகிலதான்" எண்டு ஒருநாள் சொன்னவள். இரவில் ஒருவருக்கு வருத்தம் கடுமையானால் அந்தக் கணக்கு உயிர்க்கணக்காக மாறும்.

தீவில் இறங்கி ஓட்டோவில் காணிக்குப் போனம். அப்பாச்சி முதலில் கேட்டது கிணற்றைத்தான். இந்தச் சுண்ணாம்புக்கல் தீவுகளில் மழைத்தண்ணி நிலத்துக்குள் இறங்கி, உப்புத்தண்ணிக்கு மேல ஒரு மெல்லிய படையாக மிதந்து நிற்கும். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே இருக்கும் உவர் மேலே ஏறிவிடும். அந்தத் தண்ணியில்தான் அவவின் தகப்பனார் துலா மிதித்துப் புகையிலை செய்தவர். பக்கத்து வீட்டுக் குடும்பம் இப்பவும் அந்தக் கிணற்றில் அள்ளி மிளகாய்க் கண்டுக்கு விடுகினம். குடித்துப் பார்த்தம், உவர் ஏறேல்லை.

பெரியப்பா அங்கேயே கதையைத் தொடங்கினார். வெளிநாட்டுக் காசுக்கு இப்ப தீவுக் காணி விலை போகும், இல்லாட்டி உல்லாசப் பயணிகளுக்கு நாலு அறை கட்டலாம், கரண்டும் வருகுது எண்டார். கரண்டுக் கதை உண்மைதான். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்குமான சூரிய, காற்றாலை மின் திட்டம் 2021 இல் ஒரு சீன நிறுவனத்துக்குப் போக, இந்தியா எதிர்த்தது. 2022 இல் இந்திய நன்கொடைத் திட்டமாக மாறி, 2024 இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. இரண்டு பெரிய நாடுகள் இந்தச் சின்னத் தீவைக் கணக்கில் எடுத்திருக்கு எண்டால் நாங்களும் எடுக்கத்தானே வேணும் எண்டது அவரின் நியாயம்.

"நாலு அறைக்கும் தண்ணி?" எண்டு அப்பாச்சி கேட்டா.

பெரியப்பா பேசாமல் நிண்டார். அவரையும் நான் குறை சொல்ல மாட்டன். கனடாவில் முப்பது வருடம் இரவு வேலை செய்து இந்தக் குடும்பத்தைத் தூக்கிவிட்டவர். அவருக்கு இந்தக் காணி பயன் இல்லாமல் கிடக்கும் சொத்து. ஆனால் 1707 இல் ஒல்லாந்தர் எழுதித் தொகுத்த தேசவழமைப்படியும் சீதனம் பெண்ணுக்குரியது. உறுதி அப்பாச்சியின் பெயரில். அவ முடிவைச் சொல்ல ஒரு நிமிசம்தான் எடுத்தா. விற்கிறதில்லை. கிணற்றைப் பாவிக்கிறவை தொடர்ந்து பாவிக்கட்டும், வேலியை மட்டும் அப்பா வருசத்துக்கு ஒருக்கா வந்து அடைக்க வேணும்.

"வித்துப்போட்டு இந்தப் பக்கம் வந்தால் எங்கயடா தம்பி இறங்கிறது?" எண்டு பெரியப்பாவிடம் கேட்டா. அவர் சிரித்தார், கண் கலங்கியிருந்தது.

நீங்களும் தீவுப் பக்கம் சுற்றப் போவீர்கள். போங்கோ, வடிவான இடம். கிணற்றில் அள்ள முதல் அது யாருடைய கிணறு எண்டு ஒருக்கா கேளுங்கோ. திரும்பும் படகில் மூட்டையோடு வாற ஆளுக்கு இருக்கையை விடுங்கோ. எங்கட வேலி அடைக்கும் முறை வாற வருசம் ஆவணியில். அப்பாவோட நான் போறன்.