இழுப்பறையில் உறங்கிய முடிவுகள்

2004ஆம் ஆண்டில் உளவியல் இதழொன்றில் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரையில் நம்மவர் இருபது பேர் இடம்பெற்றிருக்கின்றனர். அவர்களுடைய பெயரும் இல்லை, ஊரும் இல்லை. இந்தியாவில் வாழும், தமிழும் ஆங்கிலமும் வழங்கும் மக்கள் என்ற குறிப்பு மட்டுமே உண்டு. கனடாவில் ஆங்கிலம் ஒன்றே பேசும் இருபது பேரை அவர்களுக்கு எதிரே நிறுத்தி, டொரன்டோ நகரத்து யார்க் பல்கலைக்கழகத்தின் எல்லன் பியாலிஸ்டாக்கும் உடன் ஆய்வாளரும் ஒரு சோதனை நடத்தினர்.

சோதனை எளியது. திரையில் வண்ணச் சதுரம் ஒன்று தோன்றும். ஒரு நிறத்துக்கு இடப்பக்கப் பொத்தானையும் மற்ற நிறத்துக்கு வலப்பக்கப் பொத்தானையும் அழுத்த வேண்டும். இடப்பொத்தானுக்குரிய நிறம் திரையின் வலப்புறத்தில் தோன்றினால் மனம் கணநேரம் தடுமாறும். அத்தடுமாற்றம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதே கணக்கு. இருமொழியாளரிடம் அது குறைவாக இருந்தது. அக்கட்டுரையின் பிற பகுதிகளில் வேறு சிலரும் சோதிக்கப்பட்டனர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனினும் முதல் ஒப்பீட்டைப் படித்தபோதே எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. ஒரு சாரார் கனடாவில், மறு சாரார் இந்தியாவில். உணவும் தொழிலும் குடும்ப அமைப்பும் வேறாயிருக்க, மொழி ஒன்றுதானா அவர்களைப் பிரித்தது?

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் என் தங்கை மகள். அவளுடைய மகனுக்கு எட்டு வயது. வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், மாலையில் மதரஸாவில் அரபு. ‘வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள்’ என்று ஆசிரியை ஒருவர் அவளிடம் கூறியிருக்கிறார். ஒரு கூட்டத்தில் பேசியவரோ, இருமொழி பேசும் குழந்தையின் மூளை கூர்மையாகும், ஆராய்ச்சியே சொல்கிறது என்று முழங்கியிருக்கிறார். “மாமா, நான் எவர் பேச்சைக் கேட்பது?” என்றாள். முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்தவன், தமிழுக்குச் சாதகமானதை எடுத்துச் சொல்லி அவளை அனுப்பியிருக்கலாம். மனம் ஒப்பவில்லை.

எடின்பரோவில் இருந்த ஆஞ்சலா டி புரூயின் என்பவரும் உடன் ஆய்வாளரும் 2015இல் வெளியிட்ட ஆய்வு என்னை அயர வைத்தது. 1999 முதல் 2012 வரை மாநாடுகளில் இப்பொருள் பற்றி அளிக்கப்பட்ட ஆய்வுச் சுருக்கங்களை எடுத்து, அவற்றுள் எவை பின்னர் இதழ்களில் அச்சேறின என்று அவர்கள் பார்த்தனர். இருமொழியால் நன்மை உண்டு என்று கண்டவற்றுள் நூற்றுக்கு 68 அச்சேறியிருந்தன. வேறுபாடே இல்லை என்றோ, ஒருமொழியாளரே மேல் என்றோ கண்டவற்றுள் 29தான். பொய்யுரைத்தார் என்று எவரையும் சுட்ட முடியாது. ஆயினும், ‘ஒன்றும் காணவில்லை’ என்ற முடிவுகள் மேசை இழுப்பறையில் உறங்கிவிட, ‘கண்டேன்’ என்றவை மட்டும் ஊர்வலம் வந்தன. கூட்டத்தில் முழங்கிய அன்பர் கண்டது அந்த ஊர்வலத்தைத்தான்.

பின்னர், 2019இல், அமெரிக்காவில் ஒன்பது, பத்து வயதுச் சிறுவர் 4,524 பேரின் தரவைக் கொண்டு இக்கேள்வி மீண்டும் ஆராயப்பட்டது. ஆய்வாளர் பலரும் கேட்டுப் பெறக்கூடிய வகையில் பொதுவில் வைக்கப்பட்ட தரவு அது. மூளைக் கூர்மையில் இருமொழிச் சிறுவருக்குத் தனி நன்மை எதுவும் தென்படவில்லை. ஆங்கிலச் சொல்வளத்தில் அவர்கள் சற்றுப் பின்தங்கியும் இருந்தனர். இதையும் தங்கை மகளிடம் மறைக்காமல் சொன்னேன். பிள்ளை தன் உம்மம்மாவோடு பேசுவதற்குத் தமிழ் வேண்டும், அதற்கு எந்தச் சோதனையின் சாட்சியும் வேண்டியதில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். முடிவு அவளுடையது.

எங்கள் பள்ளிக்கும் ஒருமுறை ஆய்வாளர் ஒருவர் வந்தார். எட்டாம் வகுப்பு மாணவர் எழுதிய கட்டுரைத் தாள்களைக் கட்டாகக் கட்டி எடுத்துச் சென்றார். பிழைகளை வகைப்படுத்தப் போவதாகச் சொன்னார். என்ன கண்டார் என்று எங்களுக்கு ஒருவரிகூட வரவில்லை. அந்தப் பிள்ளைகள் இன்று பேரன் பேத்தி எடுக்கும் வயதினர்.

இந்நிலை மாறத் தொடங்கியிருக்கிறது. இங்கிலாந்திலுள்ள யார்க் பல்கலைக்கழகத்தில் (டொரன்டோவின் யார்க் வேறு, இது வேறு, பெயர்ப் பொருத்தம் என்னையும் சிறிது குழப்பிற்று) எம்மா மார்ஸ்டன் முதலியோர் 2011இல் ‘ஐரிஸ்’ என்னும் களஞ்சியத்தைத் தொடங்கினர். இரண்டாம் மொழி கற்றல் பற்றிய ஆய்வுகளில் பயன்பட்ட வினாத்தாள்கள், படங்கள், சோதனைகள் ஆகியவற்றை எவரும் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளலாம். நெல் அளந்த மரக்காலை ஊரார் முன் வைப்பது போன்றது இது. ‘லாங்குவேஜ் லேர்னிங்’ என்னும் இதழ் 2018இல் மற்றொரு வழியைத் திறந்தது. என்ன கேள்வி, எவ்வாறு அளப்பது என்ற திட்டத்தை ஆய்வாளர் முதலில் அனுப்புவார். திட்டம் நன்றெனில், முடிவு எதுவாயினும் அச்சிடுவதாக இதழ் முன்கூட்டியே வாக்களிக்கும். இழுப்பறைக்கு அங்கே வேலை இல்லை.

ஒருவர் செய்ததை மற்றொருவர் செய்து பார்க்கும் வழக்கம் மட்டும் இன்னும் வேரூன்றவில்லை. இத்துறை இதழ்களில் ஏறத்தாழ 400 கட்டுரைகளுக்கு ஒன்றே அத்தகையது என்று மார்ஸ்டன் குழுவினர் 2018இல் கணக்கிட்டனர். முதல் ஆய்வுக்கும் மறு ஆய்வுக்கும் இடையே சராசரியாக ஆறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிடுகின்றன. அதற்குள் ஒரு குழந்தை தொடக்கப்பள்ளியையே கடந்துவிடும்.

எல்லாவற்றையும் திறந்து வைத்துவிடலாம் என்று நான் சொல்ல மாட்டேன். வகுப்பறையில் பதிவு செய்த குழந்தைகளின் குரல் அவர்களுடையது, அவர்களைப் பெற்றவர்களுடையது. சிற்றூர் வகுப்பில் பெயரை நீக்கினாலும் போதாது. ‘எங்க வாப்பா சைக்கிள் கடை’ என்று பிள்ளை சொன்ன ஒரு வாக்கியமே வீட்டைக் காட்டிக்கொடுத்துவிடும். அத்தகைய ஒலிப்பதிவுகளைப் பெற்றோரின் ஒப்புதலின்றி வெளியே விடாமல், சோதனைத் தாளையும் மதிப்பெண் கணக்கையும் முதலில் திறக்கட்டும். அதோடு, கண்டது என்ன என்பதை ஒரு பக்கத்தில் எழுதி அந்தப் பள்ளிக்கே அனுப்பட்டும்.