பட்டாளத்துப் பச்சை

பட்டாளம் கழித்துவிட்ட லாரி ஒன்றை ஏலத்தில் எடுத்து, கோடை விடுமுறைப் பிரயாணத்துக்கு வீடாக்கலாம் என்று மைத்துனர் பிரஸ்தாபித்தபோது நாம் சிரித்தோம். பாதிப் பணம் நம்முடையது என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றது.

வந்து சேர்ந்தது சக்திமான். ஜெர்மனியின் 'மான்' கம்பெனியாரின் அனுமதியோடு 1959 முதல் ஜபல்பூரில் தயாரான ஜாதி. மைத்துனர் பட்டாளத்தில் இருபது வருஷம் ஓட்டியதும் இந்த ஜாதிதான்.

படுதாவையும் இரும்பு வளைவுகளையும் பிரித்துவிட்டு மரக்கூடு கட்டினோம். இரண்டு கட்டில், ஓர் அடுப்பு மேடை, தண்ணீர்த் தொட்டி. வெள்ளோட்டத்தில் ஊர் எல்லை தாண்டுமுன் ஒரு பாத்திரமாவது தன் ஸ்தானத்தில் இல்லை. டன் கணக்கில் சுமக்கப் பிறந்த ஸ்பிரிங் பட்டைகள், நம் அரிசி பருப்புக்கா வளைந்து கொடுக்கும்? சில பட்டைகளைக் கழற்றிய பிறகே காப்பி டம்ளர் நின்றது.

அப்புறம் வர்ணம். மோட்டார் வாகன விதிப்படி அந்தப் பச்சை ராணுவ வண்டிகளுக்கே உரியது. மற்றவர் வண்டியில் இருக்கலாகாது. இதை மைத்துனரிடம் சொல்லும் பாக்கியம் நமக்கு வாய்த்தது. அவர் பதில் பேசவில்லை.

மறுநாள் விடியற்காலையில் நீலச் சாயத்துடன் போனோம். உப்புத்தாளும் கையுமாக அவரே தேய்த்துக்கொண்டிருந்தார். டிரைவர் கதவின் உட்புறத்தில் மட்டும் உள்ளங்கை அகலம் பச்சை பாக்கி. நாம் உப்புத்தாளை எடுத்தோம்.

"அது இருக்கட்டும், மாப்பிள்ளை" என்றார்.

நாம் நீலத்தைக் குழைக்கப் போய்விட்டோம்.