அடுத்த வீட்டு மாடி

வடசென்னையைக் காண வருவோர் பெரும்பாலும் தரையில் உள்ளவற்றையே பார்த்துத் திரும்புகின்றனர். 1856-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற இராயபுரம் இரயில் நிலையத்தின் உயர்ந்த தூண்கள், காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் விடியுமுன் எழும் ஏலக்குரல், உலர்த்தப்பட்ட வலைகள், தோளோடு தோள் உரசி நிற்கும் சிறு வீடுகள் ஆகியவையே அவர்கள் கண்ணில் படுபவை. இவ்வூருக்கு மேலே இன்னோர் ஊர் உண்டு. அதனைக் காண மாடிப்படி ஏற வேண்டும். மரச்சட்டமும் கம்பிவலையும் கொண்டு அமைந்த புறாக்கூண்டுகளை அங்கே மாடிதோறும் காணலாம். புறா வளர்ப்பதும் பறக்கவிடுவதும் பந்தயம் வைப்பதும் இப்பகுதியில் தலைமுறை தலைமுறையாக வரும் பழக்கம்.

பங்குப் பணியேற்று நான் இங்கு வந்தபோது, குருமனையை அடுத்த வீட்டின் மாடியிலும் அத்தகைய கூண்டு ஒன்று இருந்தது. வீட்டுக்காரர் விசைப்படகுகளின் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர். அறுபது வயதை நெருங்கியவர். காலையும் மாலையும் அவர் சீழ்க்கையடித்துக் கூண்டைத் திறந்துவிடுவார். அறுபது எழுபது புறாக்கள் ஒரே சமயத்தில் சடசடவென எழுந்து, கோவில் கோபுரத்தைச் சுற்றி வந்து, கடற்பக்கம் திரும்பும்போது வெயிலில் வெள்ளியாய் மின்னும். முதல் சில வாரங்கள் நானும் செபமாலையைக் கையில் பிடித்தவாறே அக்காட்சியில் மெய்ம்மறந்து நின்றதுண்டு.

அந்த இன்பம் நீடிக்கவில்லை. உலர்த்திய வெள்ளை அங்கியில் எச்சம் விழுந்தது. சன்னலைத் திறந்தால் இறகுகள் உள்ளே வந்தன. அதிகாலையில் தொடங்கும் குமுறல் ஒலி மறையுரைக்கு ஆயத்தம் செய்யவும் விடவில்லை. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஆனால் குருமனையில் நெடுங்காலமாய்ச் சமையல் செய்துவரும் பெரியம்மாவுக்கு வறட்டு இருமல் கண்டது. மாதங்கள் சென்றும் நிற்கவில்லை. மூன்று படி ஏறினால் மூச்சு வாங்கியது. மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றபோது, மருத்துவர் கேட்ட முதல் கேள்விகளுள் ஒன்று, “வீட்டுக்கு அருகில் புறாக்கள் உண்டா?” என்பது.

காய்ந்த எச்சமும் இறகிலிருந்து உதிரும் நுண்ணிய தூளும் காற்றில் கலந்து நுரையீரலுள் செல்லும்போது, சிலருடைய உடல் அதனை ஏற்காமல் அழற்சி கொள்ளும் என்று அவர் விளக்கினார். எல்லாருக்கும் அவ்வாறு நேர்வதில்லை. நேர்ந்தவர்களோ அத்தூளிலிருந்து விலகியிருத்தல் வேண்டும். இல்லையேல் நாளடைவில் நுரையீரல் தழும்பேறி நிலையான கேடு விளையலாம்.

அன்றிரவே மாநகராட்சிக்கு ஒரு புகார் மனு எழுதினேன். இரண்டு பக்கங்கள். இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. இரக்கமும் இல்லை. உறையில் இட்டு ஒட்டியபின், மனத்தில் ஒரு கேள்வி எழுந்தது: “ஏறத்தாழ ஓராண்டாக இம்மனிதருக்கு அடுத்த வீட்டில் வாழ்கிறாயே, அவருடைய வீட்டுப் படியை ஒருமுறையேனும் மிதித்தாயா?” மறுமொழி சொல்ல இயலாமல் உறையை மேசைமேல் வைத்துவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் ஞாயிறு. கடைசிப் பூசை முடிந்ததும் அடுத்த வீட்டுக்குச் சென்றேன். “மாடியிலே இருக்காரு, போங்க ஃபாதர்” என்றார் அவர் மனைவி. ஏறிச் சென்றேன். அவர் வடதிசையை நோக்கியவாறு நின்றிருந்தார். என்னைக் கண்டதும் ஓடிச் சென்று நாற்காலி கொணர்ந்து போட்டார். “இன்னிக்குப் பந்தயம் ஃபாதர். ஓங்கோல்லேர்ந்து விட்டிருக்காங்க. நம்முது அஞ்சு” என்று கூறிவிட்டு மீண்டும் வானத்தைப் பார்த்தார்.

ஓங்கோல் இங்கிருந்து நேர்க்கோட்டில் ஏறத்தாழ 270 கிலோமீட்டர். கூடையில் வைத்து இரவே வண்டியில் கொண்டுசென்று காலையில் திறந்துவிடுவார்கள். நல்ல பறவை மணிக்கு 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் பறந்து முற்பகலிலேயே வந்து சேரும். முன்பெல்லாம் காலிலிருந்த இரப்பர் வளையத்தைக் கழற்றி, முத்திரையிட்ட கடிகாரத்துள் போட்டு நேரம் குறிப்பார்களாம். இப்போது மின்னணு வளையம் அவ்வேலையைச் செய்துவிடுகிறது.

காத்திருந்த வேளையில் அவர் கூண்டைக் காட்டினார். கம்பும் சோளமும் பட்டாணியும் தனித்தனிக் கலங்களில் இருந்தன. ஒரு மூலையில் ஆண்புறா முட்டைமேல் அமர்ந்திருந்தது. பேடு ஈனும் இரு முட்டைகளையும் இரண்டுமே முறைவைத்து அடைகாக்கும். பகலில் பெரும்பொழுது ஆணின் முறை, மாலையும் இரவும் பெண்ணின் முறை. பதினேழு பதினெட்டு நாளில் குஞ்சு பொரிந்ததும், இரண்டின் தொண்டைப்பையிலும் பால் போன்ற உணவு ஊறுகிறது. தாயைப் போலவே தந்தையும் ஊட்டுகிறது. திருமணத் தயாரிப்பு வகுப்புகளில் எத்தனையோ பேசியிருக்கிறேன். இதனை நான் அறிந்திருக்கவில்லை.

“தூது போகும் என்கிறார்களே, எந்த ஊருக்கு அனுப்பினாலும் போகுமா?” என்று கேட்டேன். அவர் சிரித்தார். “எங்கியும் போவாது ஃபாதர். வூட்டுக்கு வர மட்டுந்தான் தெரியும்.”

உண்மைதான். 1946-இல் ஒரிசாக் காவல்துறை, படையினரிடமிருந்து பெற்ற புறாக்களைக் கொண்டு தூதுப்பணி தொடங்கியபோதும், 1948-இல் பிரதமர் நேரு சம்பல்பூரிலிருந்து கட்டாக்குக்குப் புறா வழியே செய்தி அனுப்பியபோதும், அப்பறவைகள் செய்தது வீடு திரும்புதல் ஒன்றே. சூரியன் நிற்கும் இடம், பூமியின் காந்தப்புலம், காற்றில் வரும் மணம், பழகிய நிலத்தோற்றம் இவையெல்லாம் அதற்கு வழிகாட்டுவதாக அறிஞர் கூறுகின்றனர்.

முதற் புறா வந்திறங்கியது. சிறிது நேரத்தில் இரண்டாவது, பின்னர் இரண்டு சேர்ந்தாற்போல். ஐந்தாவது வரவில்லை. நண்பகலும் கழிந்தது. வழியில் வல்லூறு அடித்திருக்கலாம், மின்கம்பியில் பட்டிருக்கலாம். பரிசு கைநழுவியது பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. வராத அந்த ஒன்றைப் பற்றியே பேசினார். அந்நேரத்தில் என் குறையைச் சொல்ல நா எழவில்லை. ஆயினும் பெரியம்மாவின் மூச்சு வாங்கும் முகம் நினைவுக்கு வந்தது. சொல்லிவிட்டேன். உறையில் இட்ட மனுவையும் மறைக்கவில்லை.

அவர் வெகுநேரம் பேசாதிருந்தார். பின்னர், “பெரியம்மா இருமுறது ராத்திரியில எங்க வூட்டுக்குக் கேக்கும் ஃபாதர். வயசாயிடுச்சின்னு நெனச்சேன். நம்மாலன்னு தெரியாதே. ஒரு வார்த்தை நேர்ல சொல்லியிருக்கலாமே” என்றார்.

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் எனக்கு ஓராண்டு ஆயிற்று.

அடுத்த பத்து நாள்களுக்குள் கூண்டு மாடியின் மறுகோடிக்கு மாறிற்று. உலர்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்காமல், நீர் தெளித்து ஈரமாக்கி வழித்தெடுத்துச் சாக்கில் கட்டினார். முகத்தில் துணி கட்டிக்கொள்ளும்படி நான் சொன்னதையும் கேட்டுக்கொண்டார். எங்கள் பக்கம் நாங்களும் செய்ய வேண்டியதைச் செய்தோம். பெரியம்மாவின் படுக்கை தெருப்பக்கத்து அறைக்கு வந்தது. சமையற்கட்டுச் சன்னலுக்கு மெல்லிய வலை அடித்தோம். இதனால் எல்லாம் தீர்ந்ததென்று சொல்லமாட்டேன். இருமல் குறைந்துள்ளது, நிற்கவில்லை. மருந்தும் பரிசோதனையும் தொடர்கின்றன. மருத்துவர் போதாதென்றால் பெரியம்மாவை வேறிடம் அனுப்ப வேண்டியிருக்கும், அல்லது புறாக்கள் போக வேண்டியிருக்கும். இரண்டில் எது நேர்ந்தாலும் இருவரும் சேர்ந்தே முடிவு செய்வோம் என்று பேசி வைத்துள்ளோம்.

திருச்சட்டப்படி ஆட்டுக்குட்டி கொடுக்க இயலாத ஏழைப் பெற்றோர் காணிக்கையாகக் கொடுத்தவை இரண்டு புறாக்கள் என்பதை ஆண்டவரைக் காணிக்கையாக்கிய திருநாள்தோறும் வாசிக்கிறோம். எளியவர் வீட்டில் புறாவுக்கு எவ்வளவு மதிப்பு என்பதை அந்த மாடியில்தான் கண்டேன்.

அன்பார்ந்த வாசகர்களே, அடுத்த வீட்டாரால் உங்களுக்கும் ஏதேனும் தொல்லை இருக்கலாம். தண்ணீர்க் குழாயோ, வானொலிச் சத்தமோ, கிளை நீட்டிய முருங்கையோ. மனு எழுதுமுன் அவர்கள் வீட்டுப் படி ஏறிவிடுங்கள். குறையை மறைக்க வேண்டாம், முகம் பார்த்துச் சொல்லுங்கள்.

ஐந்தாவது புறா இன்றுவரை வரவில்லை. ஆயினும் மாலையில் கூண்டை அடைக்கும்போது, அதற்குரிய சிறு கதவை மட்டும் அவர் திறந்தே வைக்கிறார். வடக்கே பார்த்தவாறு அவர் நிற்கும் வேளையில், இப்போதெல்லாம் எங்கள் மாடியிலிருந்து நானும் வடக்கே பார்க்கிறேன்.