ஒரே மேட்டில் பிறந்த இரு ஆறுகள்

செருமனி என்றதும் நம் நினைவில் எழுபவை ஆலைகளும் மாநகரங்களுமே. ஆயினும் அந்நாட்டின் நடுவே, ஹார்ஸ் மலைத்தொடருக்குத் தெற்கே, ஐக்ஸ்ஃபெல்டு என்னும் நாட்டுப்புறம் ஒன்று உண்டு. தூரிங்கியா மாநிலத்தின் வடமேற்கு மூலையில் அப்பெயருடைய மாவட்டம் ஏறத்தாழ 940 சதுர கிலோமீட்டர் பரப்பும், ஒரு லட்சம் அளவில் மக்களும் கொண்டது. ஹைலிகன்ஷ்டாட் அதன் தலைநகர். சுற்றிலும் லூத்தரன் சபையினர் வாழும் பகுதிகள்; நடுவே தீவு போல இக்கத்தோலிக்க ஊர்கள்.

இது சுண்ணாம்புக்கல் மேட்டு நிலம். லைன, உன்ஷ்ட்ரூட் என்னும் இரு ஆறுகள் ஒன்றுக்கொன்று அண்மையிலேயே இங்கு ஊற்றெடுக்கின்றன. முன்னது வடமேற்கே வேசரை நோக்கிச் செல்கிறது. பின்னது கிழக்கே எல்பாவை நோக்கித் திரும்புகிறது. வறண்ட மண் குடும்பங்களுக்குப் போதிய உணவளிக்கவில்லை. கைத்தறி நெசவு ஓரளவு காத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இயந்திரத் தறி அதையும் பறிக்கவே, ஆடவரும் பெண்டிரும் பருவந்தோறும் வெளியூர் வயல்களுக்குக் கூலி வேலைக்குச் சென்றனர்.

இவ்வூர்கள் பல நூற்றாண்டுகள் மைன்ஸ் பேராயரின் ஆட்சியில் இருந்தன. பதினாறாம் நூற்றாண்டில் மக்களுள் பெரும்பாலோர் லூத்தரின் போதனையைத் தழுவினர். 1575இல் இயேசு சபையார் ஹைலிகன்ஷ்டாட்டில் கல்லூரி நிறுவினர். மறைக்கல்வியாலும், பேராயரின் அதிகாரத்தாலும் பகுதி மீண்டும் கத்தோலிக்கமாயிற்று. 1802இல் பிரஷ்யா இதைக் கைக்கொண்டது. வியன்னா மாநாட்டுக்குப்பின் மேற்பகுதி பிரஷ்யாவுக்கும், டூடர்ஷ்டாட் நகரை உள்ளிட்ட கீழ்ப்பகுதி ஹனோவருக்கும் சென்றன. அன்று வரைபடத்தில் இட்ட கோடே 1945க்குப்பின் கிழக்கையும் மேற்கையும் பிரிக்கும் எல்லையாயிற்று. 1952 முதல் முள்வேலியாகவும் இறுகியது.

ஹுல்ஃபென்ஸ்பெர்க் மலைமீது நாம் ஏறியபோது இவ்வரலாறு முழுவதும் கண்முன் நின்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் பாடுபட்ட சுரூபம் அங்கு வணங்கப்படுகிறது. அடிவாரத்துச் சிற்றூரில் 1812இல் பிறந்த கொன்ராட் மார்ட்டின் பின்னர் பாடர்போர்ன் ஆயரானார். பிஸ்மார்க் காலத்தில் சிறைப்பட்டு, 1879இல் பெல்ஜியத்தில் நாடுகடந்த நிலையில் இறந்தார். பொதுவுடைமை ஆட்சியில் இம்மலை தடுக்கப்பட்ட எல்லைப் பகுதிக்குள் அகப்பட்டது. அனுமதிச் சீட்டின்றித் திருப்பயணிகள் ஏற இயலவில்லை. ஆயினும் பிரான்சிஸ்கன் துறவியர் மலையைவிட்டு இறங்கவில்லை. 1959இல் அரசு இப்பகுதிக்கென ஒரு தொழில்திட்டம் வகுத்து, லைனஃபெல்டேயில் நூற்பாலை அமைத்தது. வேலை வந்தது, வெளியூரார் வந்தனர். ஆனால் ஞாயிறு திருப்பலியும் குருத்து ஞாயிறு பவனியும் நின்றுவிடவில்லை.

1989 நவம்பரில் வேலி திறந்தது. கதை இங்கே இனிதே முடிந்திருக்கலாம். ஆனால் பிஷோஃபரோடே ஊரின் பொட்டாசு உப்புச் சுரங்கத்தை மூட முடிவாகியபோது, தொழிலாளர் 1993இல் உண்ணாநோன்பிருந்து போராடினர். எனினும் ஆண்டிறுதியில் சுரங்கம் மூடப்பட்டது. அடக்குமுறைக்கு அசையாத வீடுகளிலிருந்து, பிழைப்புத் தேடிப் பிள்ளைகள் மேற்கே சென்றனர். பகைவனை எதிர்த்து நிற்கும் விசுவாசம் ஒன்று. வசதியும் பிரிவும் வந்தபின் நிலைக்கும் விசுவாசம் வேறு. இரண்டாவதே கடினமானது என்பதை நம் பங்குகளிலும் காண்கிறோம்.

2011 செப்டம்பர் 23 அன்று திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் எட்செல்ஸ்பாக் சிற்றாலயத்திற்கு வந்தபோது ஏறத்தாழ 90,000 பேர் அவ்வயல்வெளியில் கூடினர். அங்குள்ள வியாகுல அன்னையின் மடியில் கிடக்கும் இயேசுவின் விலா, வழக்கத்திற்கு மாறாக, அன்னையை நோக்கித் திரும்பியுள்ளது. இரு இதயங்களும் ஒன்றையொன்று நோக்குகின்றன.

ஒரே மேட்டில் பிறந்து எதிரெதிர்த் திசையில் செல்லும் அவ்விரு ஆறுகளின் நீரும் இறுதியில் வடகடலையே அடைகிறது. தொலைவில் பிழைக்கச் சென்ற பிள்ளைகளுக்காக இன்றிரவு செபமாலை சொல்லும் குடும்பங்கள் இதை மனத்தில் இருத்துமாக.